பேட்டரி கசிந்த சிந்தசைசர் போர்டைக் காப்பாற்றுவது: என் அனுபவத்திலிருந்து

பல வருடம் சும்மா கிடந்த சிந்தசைசரோ (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கீபோர்டு) டிரம் மெஷினோ கைக்கு வந்தால், ஓடுகிறதா என்று பார்க்க நான் சுவிட்சைப் போடுவதில்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே பேட்டரி எங்கே இருக்கிறது என்று தேடுவேன். 1970களின் கடைசியிலிருந்து வந்த கருவிகள் பலவற்றில், நாம் அமைத்த ஒலிகளை நினைவில் வைத்திருக்க ஒரு சின்ன பேட்டரி, பாகங்களைத் தாங்கும் சர்க்யூட் பலகையான போர்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் மெமரி சிப்பைக் காப்பது அதன் வேலை. 40 வருடம் கழித்துத் திறந்து பார்த்தால், அதே பேட்டரி தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் அரித்து வைத்திருக்கும்.

எல்லாப் பேட்டரியும் அப்படிச் செய்வதில்லை. யமஹா டிஎக்ஸ்7 (1983), ரோலண்ட் ஜூனோ-106 (1984) போன்றவற்றில் இருப்பது சிஆர்2032 வகை லித்தியம் செல். அது தீர்ந்துபோகும், ஒலிகள் அழியும், அவ்வளவுதான். போர்டைக் கெடுப்பது அரிது. பயப்பட வேண்டியது நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு. கோர்க் பாலிசிக்ஸ் (1981) இதற்குப் பேர்போன உதாரணம். அதன் 32 ஒலிகளையும் நினைவில் வைத்து, கட்டைகளைக் கவனித்து, கருவியையே நடத்துகிற கேஎல்எம்-367 என்ற போர்டின் மேல் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி நேரடியாகச் சால்டர் (ஈயக் கலவை உருக்கிப் பற்றவைத்தல்) செய்யப்பட்டிருக்கும். அடுத்த வருடம் வந்த பாலி-61இலும் ஏறக்குறைய அதே ஏற்பாடு. வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றலாம் என்பதால் அந்தக் காலத்துக்கு அது நல்ல தேர்வுதான். இந்தக் கருவிகளை அடுத்த நூற்றாண்டிலும் வாசிப்பார்கள் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

நிக்கல்-காட்மியம் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். அது காரம். கசிந்த பேட்டரி என்றாலே சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. கார் பேட்டரியின் கந்தக அமிலத்துக்கு அது சரி. சமையல் சோடாவே காரத்தன்மை உள்ளது என்பதால் இங்கே அதனால் பயன் இல்லை. சோடா போட்டுக் கழுவி, "சுத்தம் பண்ணியாச்சு" என்ற உறுதிமொழியோடு என்னிடம் வந்த போர்டுகளில் களிம்பு அதன்பாட்டுக்குப் பரவிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று செல்களைத் தொடராக அடுக்கினால் 3.6 வோல்ட். கருவி ஓடும்போதெல்லாம் உள்ளிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏறும். வருடக்கணக்கில் கிடந்தால் செல்கள் ஒவ்வொன்றாக வடியும். முதலில் தீர்ந்த செல்லின் வழியாக மற்ற இரண்டும் மின்சாரத்தைத் தலைகீழாகத் தள்ளும். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும், அடைப்பு விட்டுப்போகும். தினமும் ஓடுகிற கருவியிலும் வயதான அடைப்பு ஒருநாள் விடத்தான் செய்யும். ஆனால் அதிக சேதத்தை நான் பார்த்தது பத்திரமாக மூடி வைத்திருந்த கருவிகளில்தான்.

கசிந்த காரம் விழுந்த இடத்தோடு நிற்காது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிடித்துக்கொண்டு செம்பின் மேல் ஊர்ந்துபோகும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகி வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடியும் ஈரத்தை இழுப்பதுதான். அதனால் பேட்டரியை எடுத்து எறிந்த பிறகும் அரிப்பு நின்றபாடில்லை. செம்பு கறுத்து, அப்புறம் பச்சையும் நீலமுமாகக் களிம்பேறும். சால்டர் பளபளப்பை இழந்து சாம்பல் நிறமாகும். போர்டின் பச்சை மேல்பூச்சு கொப்பளித்து உரியும். கண்ணுக்குப் படுகிற களிம்பைத் தாண்டி இன்னும் எவ்வளவு தூரம் காரம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் மையம். பாகங்களை இணைக்கும் செம்புக் கோடான தடம் அறுந்திருந்தால் ஒயர் போட்டு ஒட்டிவிடலாம். அதை யாரும் கற்றுக்கொள்ளலாம். காரத்தை மிச்சம் வைத்துவிட்டு எவ்வளவு அழகாக ஒயர் போட்டாலும் அடுத்த வருடம் அதே போர்டு திரும்பி வரும்.

பேட்டரியை எடுப்பதற்கு முன்னும் பின்னும்

கருவி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, பேட்டரி இன்னும் கசியவில்லை என்றால், உள்ளே இருக்கும் ஒலிகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் காலக் கருவிகள் பலவற்றில் கேசட்டில் பதிய டேப் வசதி இருக்கும். அதைக் கணினியின் ஆடியோ உள்ளீட்டில் செருகி வேவ் கோப்பாகப் பதிவு செய்யலாம். எம்பி3 வேண்டாம், சுருக்கும்போது தரவு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பதிந்த கோப்பைக் கருவியின் சரிபார்க்கும் வசதி மூலம் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. பேட்டரி ஏற்கெனவே கசிந்திருந்தால் பெரும்பாலும் நினைவும் அழிந்திருக்கும். அதைப் பார்ப்பதற்காக ஈரம் ஊறிய போர்டில் கரண்ட் விடாதீர்கள்.

பழுதுபார்க்க இப்போது நேரமில்லை என்றாலும் பேட்டரியை மட்டுமாவது இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். பலரிடம் நான் கெஞ்சிச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான். நண்பர்கள் யாராவது இந்த வகைக் கருவி வைத்திருப்பதாகச் சொன்னாலே, என்ன ஒலிகள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன் பேட்டரியை மாற்றிவிட்டீர்களா என்றுதான் கேட்கிறேன். இல்லாத பேட்டரியால் ஒலிகள் நினைவில் நிற்காது, கருவி கெடாது.

கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். இந்தக் காரம் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. காட்மியம் நச்சு உலோகம். அதன் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. ஆகவே காய்ந்த பொடியை ஊதித் தள்ளுவது, உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இரண்டும் வேண்டாம். எதைச் சுரண்டினாலும் ஈரமாக வைத்துச் சுரண்டி, துடைத்த பஞ்சை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். எடுத்த பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது, மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் சேர வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது போர்டில் பற்றவைத்திருக்கும் அதன் உலோகக் காலைச் சூடாக்கி இழுக்க வேண்டாம். அரித்த சால்டர் சீக்கிரம் உருகாது, அதற்குள் அடியில் இருக்கும் செம்பு வட்டம் பெயர்ந்து வந்துவிடும். மேலேயே காலை வெட்டிப் பேட்டரியை எடுத்துவிட்டு, மிச்சக் கால்களை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கழுவுதல்

போர்டைக் கருவியிலிருந்து முழுதாக வெளியே எடுத்துவிடுவது என் வழக்கம். அதற்கு முன் ஒவ்வொரு கனெக்டரையும் அது செருகியிருந்த திசையோடு படம் எடுத்துவிடுவேன். சாக்கெட்டில் இருக்கும் ஐசிகளை (சிப்புகளை) கழற்றி, நிலைமின்சாரம் தாக்காத பஞ்சில் குத்தி வைக்கிறேன்.

காரத்தை முறிக்க மென்மையான அமிலம் வேண்டும். வெள்ளை வினிகர் போதும். அதில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். பழைய பல்தேய்ப்பான் பிரஷில் தொட்டு, களிம்பு பிடித்த இடத்தில் வைத்தால் நுரைக்கும். கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதுதான் அந்த நுரை. நுரை அடங்கியதும் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறேன். புதிதாக வைத்தாலும் நுரைக்கவில்லை என்ற நிலை வரும்வரை இது தொடரும். அவசரப்பட்டு வினிகரை மணிக்கணக்கில் ஊறவிடாதீர்கள். அதுவும் செம்பையும் சால்டரையும் தின்னக்கூடியதுதான். சிலர் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலக் கரைசலோ பயன்படுத்துகிறார்கள். வேலை செய்யும், ஆனால் நன்றாக அலசாவிட்டால் அவை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் வினிகரோடு நின்றுகொள்கிறேன்.

அடுத்தது அலசல். காய்ச்சி வடித்த நீரால் தாராளமாக அலசுங்கள், பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை. ஆல்கஹால் தண்ணீரை வெளியேற்றிச் சீக்கிரம் உலரும். அது காரத்தை முறிக்காது என்பதை மறக்க வேண்டாம். வினிகர் செய்ய வேண்டிய வேலையை அதனிடம் கொடுக்க முடியாது. ட்ரிம்மர், சுவிட்ச், ரிலே போன்றவை இருக்கும் பகுதியில் தண்ணீரை ஊற்றாமல் பஞ்சால் ஒற்றி எடுப்பது நல்லது. உள்ளே தங்கும் ஈரம் வெளியே வர வழியில்லை.

பிறகு லிட்மஸ் தாள். அலசி முடித்த இடத்தில் காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை அதில் தொடுவேன். நீலமாக மாறினால் காரம் இன்னும் இருக்கிறது. களிம்பு தெரிந்த இடத்தில் மட்டும் சோதித்தால் போதாது. பேட்டரியிலிருந்து விலகிப்போய், எல்லாம் பளிச்சென்று இருக்கிற இடங்களிலும் சொட்டு வைத்துப் பாருங்கள். நான் எதிர்பார்க்காத மூலைகளில் தாள் நீலமானதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இவ்வளவு எளிய சோதனையைப் பலரும் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது

சுத்தமான போர்டை ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, ஒரு பக்கத்தை இடவலம் மாற்றி, பெரிதாக அச்செடுத்துக்கொள்கிறேன். கருவியின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதில் போர்டின் வரைபடம் இருக்கும், அதுவும் பக்கத்தில். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடத்தையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சோதித்து, நல்லதைப் பச்சைப் பென்சிலிலும் அறுந்ததைச் சிவப்பிலும் குறிக்கிறேன். உதிரி பாகங்களைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கழற்றிய பிறகு எது ஏற்கெனவே அறுந்தது, எது என் கையால் அறுந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம். மல்டிமீட்டரின் பீப் ஒலியை நம்பாதீர்கள். பல மீட்டர்கள் சில பத்து ஓம்களுக்குக் கீழே எது இருந்தாலும் பீப் அடிக்கும். காரம் தின்று மெல்லிசாகிப்போன தடம்கூட அதில் தேறிவிடும். ஓம் அளவைப் பாருங்கள். மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்துப் பார்த்தால், நல்ல தடம் ஒரு ஓமுக்குள் இருக்கும். ஒரு தடம் 5 ஓம், 8 ஓம் காட்டினால் செம்பு எங்கோ நூலாகிவிட்டது என்று அர்த்தம். அளக்கும்போதே ஒரு மரக்குச்சியால் போர்டை லேசாக அழுத்திப் பாருங்கள். எண் துள்ளினால் மயிரிழை விரிசல் இருக்கிறது.

ஐசி சாக்கெட்டின் அடி, பெரிய கெபாசிட்டரின் அடி, கனெக்டரின் உள்பக்கம் இவை மூன்றும் எனக்கு எப்போதும் சந்தேகத்துக்குரிய இடங்கள். ஒரு டிரம் மெஷினின் போர்டு மேலிருந்து பார்க்கக் குறையே தெரியாமல் இருந்தது. தாளம் நடுவில் நின்றுவிடும், தட்டினால் மறுபடி ஓடும். சாக்கெட்டைப் பெயர்த்தபோது அதன் அடியில் மூன்று தடங்கள் பச்சைப் பொடியாகிக் கிடந்தன. அதற்குப் பிறகு பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் சாக்கெட்டை நல்லதாகத் தெரிந்தாலும் விடுவதில்லை, எடுத்துவிடுகிறேன். அதன் உள்ளிருக்கும் பிடிப்புத் தகடுகளைச் சுத்தம் செய்ய வழியும் இல்லை.

ஒயர்களும் அப்படித்தான். போர்டுகளை இணைக்கும் பல இழை ஒயர்களில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இன்சுலேஷனுக்குள் காரம் ஏறிப்போகும். வெளியே நிறம் மாறாது. நுனியைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் இழைகள் கறுத்திருக்கும், சால்டர் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில சமயம் முழு ஒயரையும் மாற்றுவதில்தான் முடியும்.

அந்தக் கால ஐசிகளின் கால்கள் கறுத்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி முலாம் பூசிய கால்கள் காற்றிலுள்ள கந்தகத்தால் தானாகவே கறுக்கும், அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. பச்சையாகப் பூத்திருந்தாலோ, லேசாக வளைத்ததும் முறிந்தாலோதான் அது காரத்தின் வேலை.

சால்டரிங்

அரித்த சால்டரின் மேல் சால்டரிங் அயர்னை வைத்தால் சூடு உள்ளே இறங்காது. மேலே இருக்கும் ஆக்சைடு மேலோடு தடுக்கும். அயர்னின் சூட்டை ஏற்றிக்கொண்டே போவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி, அதுவே செம்பைப் பெயர்க்கும் வழியும்கூட. பழைய பழுப்பு நிறக் காகித போர்டுகளில் செம்பை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் சீக்கிரம் விட்டுவிடும். மேலோட்டைச் சுரண்டி, சால்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸை நிறையத் தடவி, ஈயம் கலந்த புதுச் சால்டரைக் கொஞ்சம் சேர்த்தால் பழையது அதோடு கலந்து உருகும். பிறகு உறிஞ்சி எடுக்கலாம். 320 முதல் 350 டிகிரி செல்சியஸ் வைத்து, ஒரு புள்ளியில் சில நொடிகளுக்கு மேல் நிற்காமல் வேலை செய்வேன். வரவில்லையா, ஆறவிட்டு மறுபடி.

ஐசியைக் காப்பாற்ற வேண்டிய தேவையில்லை என்றால் கால்களை உடம்போடு வெட்டிவிட்டு ஒவ்வொரு காலாக இழுங்கள். சாதாரண 4000 வரிசை லாஜிக் சிப் இன்னும் கிடைக்கிறது. போர்டின் செம்பு கிடைக்காது. எதைக் காப்பாற்றுவது என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் போர்டின் பக்கம்தான் நிற்பேன். அந்தக் கருவிக்கென்றே செய்த அரிய சிப்புகள், புரோகிராம் பதிந்த ரோம், சிபியு இவை மட்டும் விதிவிலக்கு.

பாகங்களைக் கழற்றியதும் அவை இருந்த இடத்தை மறுபடி வினிகர், தண்ணீர், ஆல்கஹால் என்று கழுவுகிறேன். முதல் கழுவலில் எட்டாத இடம் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. இந்த இரண்டாவது கழுவலைத் தவிர்த்துவிட்டு யாராவது வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

தடத்தின் மேல்பூச்சைக் கண்ணாடி இழைப் பேனாவால் ஆல்கஹாலில் நனைத்துச் சுரண்டி, பளபளப்பான செம்பு வரும்வரை போக வேண்டும். அந்த இழைத்தூள் தோலில் குத்தும், மூச்சில் போகக் கூடாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். செம்பு மிச்சமிருந்தால் மெல்லச் சால்டர் பூசிவிட்டால் போதும். பொதுவாக இந்தப் போர்டுகளில் செம்பின் தடிமன் 35 மைக்ரான் அளவில்தான் இருக்கும், அதில் பாதியைக் காரம் தின்றிருந்தால் மேலே ஒரு மெல்லிய கம்பியையும் படுக்கவைத்துச் சால்டர் செய்கிறேன். முழுதாகப் போயிருந்தால் 30 கேஜ் ஒயர், அதாவது கால் மில்லிமீட்டர் விட்டமுள்ளது. சிக்னல் தடங்களுக்கு அது தாராளம். 5 வோல்ட், கிரவுண்ட் போன்ற அகலத் தடங்களுக்கு அரை மில்லிமீட்டர் ஒயராவது வேண்டும்.

ஒயரைக் குறுக்கு வழியில் இழுப்பதைவிடப் பழைய தடத்தின் பாதையிலேயே போட எனக்குப் பிடிக்கும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து இன்னொருவர் சர்வீஸ் மேனுவலைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்தப் போர்டைப் பார்க்கும்போது, வரைபடமும் போர்டும் ஒத்துப்போக வேண்டும். அனலாக் பகுதியில் நீளமான ஒயர் சத்தத்தையும் இழுத்துக்கொண்டு வரும்.

இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டில் துளைகளின் உட்பூச்சும் அரிக்கப்பட்டிருக்கலாம். அப்போது மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தனித்தனியாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. துளை வழியாக மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்து இரு பக்கமும் சால்டர் செய்வது சுலபம். சாக்கெட் வரும் இடமென்றால், மேல்பக்கத்திலும் சால்டர் வைக்க இடம்கொடுக்கும் மெஷின் பின் வகைச் சாக்கெட்டைப் போடுங்கள். எல்லாம் முடிந்து சோதித்த பிறகு, திறந்து கிடக்கும் செம்பின் மேல் புற ஊதா ஒளியில் இறுகும் மேல்பூச்சைப் பூசி மூடிவிடலாம். சோதிக்கும் முன் பூச வேண்டாம்.

ஓடுகிறது, ஆனால் சுருதி நிற்கவில்லை

அறுந்த தடங்களைச் சேர்த்துவிட்டோம், விளக்குகள் எரிகின்றன, கட்டைகள் ஒலிக்கின்றன. பலர் இங்கே மூடியைப் போட்டுவிடுகிறார்கள். அறுந்துபோவது காரத்தின் ஒரு வகைச் சேதம்தான். இரண்டு தடங்களுக்கு நடுவில், இருக்கக் கூடாத இடத்தில், மின்சாரத்தைக் கசியவிடுவது இன்னொரு வகை. இது பிடிபட நேரமாகும்.

அந்தக் கால அனலாக் கருவிகள் பலவற்றில், ஒரே ஒரு டிஜிட்டல்-அனலாக் மாற்றியிலிருந்து வரும் வோல்ட்டேஜை 4051 மாதிரியான சிப் மாற்றி மாற்றிப் பல சின்னக் கெபாசிட்டர்களுக்கு ஊற்றும். ஒவ்வொரு கெபாசிட்டரும் அடுத்த முறை வரும்வரை தன் வோல்ட்டேஜைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். பிடித்த அளவு குறைந்தால் சுருதி இறங்கும். ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற கணக்கில் ஓர் அரைச்சுரம் என்பது வெறும் 83 மில்லிவோல்ட்தான். 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்குப் பக்கத்தில் 10 மெகாஓம் அளவுக்குக் கசிவு இருந்தால், பத்து மில்லிநொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வடிந்துவிடும். சாதாரண லாஜிக் சர்க்யூட்டில் 10 மெகாஓம் ஒரு பொருட்டே இல்லை. இங்கே அது இசையைக் கெடுக்கும்.

ஆறு குரல் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை ஒலிக்கும், ஒரு கீபோர்டில் இதை நன்றாகப் பார்த்தேன். ஐந்து குரல்கள் சரி, ஆறாவது மட்டும் மழை நாட்களில் சுருதி இறங்கும். வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. ஆசிலேட்டர் சிப்பைச் சந்தேகப்பட்டு இன்னொரு குரலோடு மாற்றிப் பார்த்தேன், பிரச்சினை அதே இடத்தில் நின்றது. அந்தக் குரலின் வோல்ட்டேஜைப் பிடித்துவைக்கும் ஹோல்ட் கெபாசிட்டரைத் தூக்கியதும் அதன் அடியில் போர்டு லேசாகப் பழுப்பேறியிருந்தது தெரிந்தது, அவ்வளவுதான். லிட்மஸ் தாள் நீலமானது. அந்த இடத்தை மறுபடி கழுவி உலர்த்திய பிறகு சுருதி நின்றது. பேட்டரி இருந்த இடத்திலிருந்து அது ஒரு சாண் தூரம். கிரவுண்ட் தடத்தின் வழியாகவே காரம் அங்கே வந்திருக்கிறது.

கழுவியும் கசிவு போகவில்லை என்றால் காரம் போர்டின் இழைக்குள்ளேயே ஊறிவிட்டது என்று பொருள். போர்டு அந்த இடத்தில் கறுத்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். அதற்கு மேல் கழுவுவது வீண். கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கிருந்த பாகங்களை ஒயரில் அந்தரத்தில் நிறுத்துவதுண்டு. பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

மறுபடி கரண்ட் கொடுக்கும்போது சாக்கெட் ஐசிகள் எதையும் செருகாமல் 5 வோல்ட், பிளஸ் 15, மைனஸ் 15 என்று அந்தப் போர்டுக்கு வரவேண்டிய வோல்ட்டேஜ்கள் சரியாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் சிப்புகளை வைப்பேன். அப்புறம் சிபியுவின் கிளாக், ரீசெட். இவை இரண்டும் இருந்தால் மீதியைத் தேடிப் பிடித்துவிடலாம். கட்டைகள் எட்டு எட்டாக ஊமையாக இருந்தால் ஸ்கேன் செய்யும் தடங்களில் ஒன்று அறுந்திருக்கிறது என்று பொருள். மெமரியில் குப்பை இருப்பதால் முதல் தடவை வரும் ஒலிகள் விநோதமாக இருக்கும். பதிந்து வைத்த கோப்பை ஏற்றிய பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

புதிய பேட்டரி

பழைய இடத்தில் மறுபடி நிக்கல்-காட்மியம் வைக்காதீர்கள். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்குள்ளும் இருப்பது அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு.

நான் வைப்பது ஹோல்டரில் போட்ட சிஆர்2032. ஒயர் வைத்து, போர்டை விட்டு விலக்கி, கருவியின் சட்டத்தில் பொருத்திவிடுவேன். ஆனால் லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏறவே கூடாது. ஏறினால் செல் வெடிக்கக்கூடும். ஆகவே பழைய சார்ஜிங் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, செல்லோடு தொடராக, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடும் போட வேண்டும். இதற்குச் சாதாரண 1என்4148 போதும். ஷாட்கி டயோடில் வோல்ட்டேஜ் இழப்பு குறைவு என்று சிலர் அதைப் போடுவார்கள், ஆனால் அதில் பின்னோக்கிய கசிவு அதிகம். மைக்ரோஆம்பியர் அளவு மின்சாரத்தில் 1என்4148 இழப்பதும் ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்குதான். பெரும்பாலான சிமாஸ் மெமரி சிப்புகள் 2 வோல்ட் வரை நினைவைக் காக்கும் என்பதால் 3 வோல்ட் செல்லில் இடம் இருக்கிறது.

பொருத்திய பின் மெமரி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள். செல்லோடு தொடராகத் தற்காலிகமாக ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்து, கருவியை அணைத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கு நடுவே வோல்ட்டேஜைப் பாருங்கள். 10 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்பியர். சிஆர்2032இன் கொள்ளளவு 220 மில்லிஆம்பியர்-மணி அளவில் இருக்கும், ஆக 2 மைக்ரோஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி பத்து வருடத்துக்கு மேல் வரும். அளவு ஐம்பது, நூறு மைக்ரோஆம்பியர் என்று வந்தால் எங்கோ கசிவு மிச்சமிருக்கிறது, அல்லது கரண்ட் போகும்போது மெமரியைப் பூட்டும் சர்க்யூட் வேலை செய்யவில்லை.

பேட்டரியே வேண்டாம் என்று மெமரியை, கரண்ட் இல்லாமலே நினைவைக் காக்கும் எஃப்ரேம் சிப்பாக மாற்றுகிறவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் எஃப்எம்1608 போன்ற சிப்புகளில் சிப் எனேபிள் பின் ஒவ்வொரு முறையும் மேலே போய்க் கீழே வந்தால்தான் முகவரியை எடுத்துக்கொள்ளும். அந்தப் பின்னை நிரந்தரமாகக் கிரவுண்டில் கட்டியிருக்கும் சர்க்யூட்டில் அப்படியே செருகினால் வேலை செய்யாது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முழு போர்டையும் புதிதாக வாங்கி மாட்டலாமா என்று கேட்பார்கள். பாலிசிக்ஸின் 367க்கு மாற்றுப் போர்டுகள் வந்திருக்கின்றன. பாதி போர்டு உதிர்ந்துவிட்டது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். அரிப்பு பேட்டரியைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருந்தால் பழைய போர்டையே காப்பாற்றுவேன், எவ்வளவு நேரம் ஆனாலும். மாற்றுப் போர்டு போட்டாலும் பழையதைக் கழுவி, நல்ல சிப்புகளோடு உறையில் போட்டுக் கருவியின் சொந்தக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன்.

வேலை முடிந்ததும் செல் போட்ட வருடத்தை எழுதிக் கருவியின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை மூடியைத் திறந்து, முன்பு காரம் இருந்த இடங்களில் மறுபடி ஒரு சொட்டு நீரும் லிட்மஸ் தாளும் வைத்துப் பாருங்கள். முடிந்தால் அதை மழைக்காலத்தில் செய்யுங்கள், ஏனென்றால் மிச்சம் இருப்பது அப்போதுதான் வெளியே வரும். நீலமாகிறது என்றால் அந்தப் பகுதியின் பாகங்களைத் தூக்கி, மறுபடி வினிகரிலிருந்து தொடங்க வேண்டும்.